ஆறு லைக் வாங்கிய பதிவு

மதிய இடைவேளையில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். சிறிய அரசு மருத்துவமனைகளை மூடிப் பெரிய மருத்துவமனையோடு இணைக்கப்போகிறார்கள் என்று அப்போது ஓர் அறிவிப்பு வந்திருந்தது. நான் வழக்கம்போல அடித்துச் சொன்னேன்: "இதை யாருமே ஆதரிக்கலையே, அப்புறம் யாருக்காகக் கொண்டு வர்றாங்க?"

பக்கத்து மேசைக்காரர் அதிகம் பேசாதவர். நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்ல மூணு பேர் ஆதரிக்கிறோம், மேடம்," என்றார். அவ்வளவுதான். விளக்கமும் சொல்லவில்லை, வாதாடவும் இல்லை. எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் ஆதரிப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதைக் கேட்டு நான் திகைத்துப்போனதுதான் உறுத்தியது. தினமும் இரண்டு மணி நேரமாவது போனில் அரசியல் படிக்கிறவள் நான். அந்தத் திட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வாரத்தில் எத்தனை பதிவுகள் படித்திருப்பேன்! அதில் ஒரு ஆதரவுக் குரல்கூடக் கண்ணில் படவில்லை என்றால், அது நாட்டு நிலவரமா, என் போன் நிலவரமா?

அன்று இரவு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளம்பரம், பூனை வீடியோ எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஃபீடில், அதாவது செயலியைத் திறந்ததும் வரும் பதிவுகளின் ஓட்டத்தில், வரிசையாக வந்த அரசியல் பதிவுகளில் 100ஐ எடுத்து, யார் எழுதியது என்று மட்டும் குறித்தேன். 100 பதிவுகளையும் எழுதியவர்கள் 19 பேர். என் நட்புப் பட்டியலிலோ 600 பேருக்கு மேல். அந்த 19 பேரிலும் 14 பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பகிர்வார், மூன்றாமவர் அதற்குக் கமெண்ட் போடுவார், அந்தக் கமெண்ட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை நாலாமவர் தனிப் பதிவாகப் போடுவார். நான்கு தடவை படித்ததால் எனக்கு அது நான்கு பேரின் கருத்தாகத் தெரிந்திருக்கிறது.

அல்காரிதத்தை, அதாவது எந்தப் பதிவை முதலில் காட்டுவது என்று தளம் போடும் கணக்கை, திட்டுவதுதான் இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 2015இல் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்களே ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் பயனர்களின் தரவை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எதிர்த்தரப்புச் செய்திகள் ஒருவர் கண்ணில் படாமல் போவதற்கு, தளம் போடும் வரிசை ஓரளவு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அவர் யார் யாரை நண்பராக வைத்திருக்கிறார் என்பது. அதற்குமேல், கண்ணில் பட்டதில் எதை அவர் தட்டித் திறக்கிறார் என்பதும் சேர்ந்துகொள்கிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள். சொன்னது அந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் என் நோட்டைப் பார்த்தபோது மறுக்கவும் முடியவில்லை. 600 பேரைச் சேர்த்தது நான். அதில் 19 பேரின் பதிவுகளில் மட்டும் நின்று, லைக் போட்டு, வாதாடி, பகிர்ந்ததும் நான்தான். இயந்திரம் என் விரலைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது.

சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் செய்தது படுமுட்டாள்தனம்.

எதிர்த்தரப்பில் யார் பிரபலமோ அவர்களை எல்லாம் பின்தொடர்ந்தேன். கட்சியின் பேச்சாளர்கள், தினம் பத்துப் பதிவு போடும் ஆதரவாளர்கள், கிண்டல் பக்கங்கள் இரண்டு. மாற்றுக் கருத்தைக் காது கொடுத்துக் கேட்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. இரண்டு மாதம் போனது. நான் பெற்ற பலன், முன்பு வாரத்துக்கு ஒரு தடவை வந்த கோபம் தினமும் வர ஆரம்பித்தது. அவர்கள் எழுதுவதைப் படிக்கப் படிக்க, 'நான் நினைத்ததைவிட மோசமான ஆட்கள்' என்பதுதான் உறுதிப்பட்டது. அவர்களுடைய வாதம் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒரு வரிகூடச் சொல்லத் தெரிந்திருக்காது. எங்களை அவர்கள் எப்படித் திட்டுகிறார்கள் என்பது மட்டும் மனப்பாடம்.

பிறகுதான் தெரிந்தது, இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் பெய்ல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களிடம் சிறு தொகை கொடுத்து, எதிர்த்தரப்புத் தலைவர்கள், கருத்தாளர்களின் செய்திகளை மறுபதிவு செய்யும் ஒரு ட்விட்டர் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் சொன்னார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் முன்பிருந்ததைவிடத் தங்கள் பக்கமே இன்னும் நகர்ந்துபோனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களும் தங்கள் பக்கமே லேசாகச் சாய்ந்தார்கள், ஆனால் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. எந்தத் தரப்பும் நடுவுக்கு வரவில்லை. எனக்கு நடந்ததும் அதேதான். என்ன, எனக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை.

எல்லாரையும் அன்ஃபாலோ செய்தேன். அடுத்து, செட்டிங்ஸுக்குள் போய்க் காலவரிசைப்படி பதிவுகள் வரும்படி மாற்றிப் பார்த்தேன். அதுவும் பெரிதாக உதவவில்லை. யார் அதிகம் எழுதுகிறார்களோ அவர்கள்தான் ஃபீடை நிறைத்தார்கள், அதிகம் எழுதுகிறவர்கள் யார் என்பது தெரிந்த கதை. 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2023இல் வெளிவந்தன. காலவரிசைக்கு மாற்றப்பட்டவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. அரசியல் பதிவுகளும் நம்பகமற்ற இடங்களிலிருந்து வருபவையும் அவர்கள் கண்ணில் படுவது கூடியது. மூன்று மாதத்தில் அவர்களுடைய அரசியல் நிலைப்பாட்டில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஒரு பொத்தானில் தீர்கிற விஷயமாக இது இருக்கும் என்ற நப்பாசை அதோடு எனக்கும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாததால், நட்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவர் பக்கமாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். பலரை நான் சேர்த்ததே மறந்துபோயிருந்தது. பழைய அலுவலகத்துக் கணக்குப் பிரிவுக்காரர், ஒரே ஒரு பயணத்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர், முன்பு குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்தவர்களுடைய மகன். பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தியின் பக்கமும் வந்தது. அவள் நர்ஸ் என்று தெரியும். அதற்குமேல் தெரியாது. பக்கம் முழுக்கத் தொட்டியில் வளர்க்கும் ரோஜாச் செடிகளின் படங்கள். கீழே போய்க்கொண்டே இருந்தவள், படமில்லாத ஒரு நீளமான பதிவில் நின்றேன்.

மூடப்போவதாக அறிவித்த மருத்துவமனைகளில் ஒன்றில்தான் அவள் வேலை பார்க்கிறாள். அந்தத் திட்டத்தை அவள் ஆதரித்து எழுதியிருந்தாள். நான் படித்த எந்த ஆதரவுப் பதிவிலும் இல்லாத ஒரு தொனி. தலைவர் வாழ்க என்று இல்லை, எதிரி ஒழிக என்றும் இல்லை. இரவுப் பணியில் தங்கள் மருத்துவமனையில் இரண்டு நர்ஸ்கள்தான், டாக்டர் கிடையாது, கூப்பிட்டால் வருவார். நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் தாங்கள் செய்வது ஈசிஜி எடுத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, அது வரும்வரை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது. எங்கள் வாசலில் 'மருத்துவமனை' என்று பலகை இருப்பதால்தான் அவர்கள் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகாமல் இங்கே வந்து அந்த நேரத்தை இழக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். "பலகையைக் காப்பாற்றுங்கள் என்று போராடுகிறவர்கள் ஒரு ராத்திரி என்னோடு வந்து உட்காருங்கள்" என்று முடித்திருந்தாள்.

ஆறு லைக். கமெண்ட் ஒன்று: 'நலமா அக்கா?'

அதே வாரத்தில் எங்கள் வட்டத்தில் ஒருவர் எழுதிய 'ஏழைகளின் உயிரோடு விளையாடாதே' பதிவை நானும் பகிர்ந்திருந்தேன். அதற்கு ஆயிரத்தை நெருங்கிய லைக். அந்தப் பதிவில் ஒரு மருத்துவமனையில் இரவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற தகவல்கூட இல்லை.

அவளுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் செய்தியே அரசியல் என்பது சங்கடமாகத்தான் இருந்தது. அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "நீ போட்ட போஸ்ட்டையும் பார்த்தேன்டி. சண்டை வேண்டாம்னு தாண்டிப் போயிட்டேன்," என்றாள். என் கூச்சல் அவள் ஃபீடுக்குப் போயிருக்கிறது, அவள் அனுபவம் என் ஃபீடுக்கு வரவில்லை. சத்தத்துக்குத்தான் வழி கிடைக்கிறது.

"அப்ப மூடினா நல்லதுன்றியா?" என்று கேட்டேன்.

"மூடினா மட்டும் போதாது. ஆம்புலன்ஸ் கூட்டணும். அதை எழுதலை பார், அந்த அறிவிப்புல. அது எனக்கும் பயம்தான்."

நான் அறிவிப்பையே படித்திருக்கவில்லை. அதைப் பற்றிய நாற்பது பதிவுகளைப் படித்திருந்தேன். அன்றுதான் தேடி எடுத்துப் படித்தேன்; பின்னிணைப்போடு சேர்த்து 31 பக்கம். ஆம்புலன்ஸ் எண்ணிக்கை பற்றி ஒரு வரி இருந்தது, 'தேவைக்கேற்ப' என்று.

கதை இதோடு முடிந்திருந்தால், நான் தரப்பு மாறிவிட்டேன் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் பட்டியலில் அந்தக் கணக்குப் பிரிவுக்காரர் இருந்தாரே. அவர் ஆளுங்கட்சியின் தீவிர ஆதரவாளர். அந்தக் காலத்தில் நானும் அவரும் இதற்காகவே எலியும் பூனையுமாக இருந்தோம். அவர் இந்தத் திட்டத்தை ஆதரிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டியிருப்பேன். அவரோ கடுமையாக எதிர்த்து எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். பக்கத்தில் இருக்கும் சிறிய மருத்துவமனையில் அந்த வசதி இருப்பதால்தான் அவரால் வேலைக்கும் போக முடிகிறது. அது பெரிய மருத்துவமனைக்குப் போய்விட்டால், போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள் முழுசாகப் போய்விடும் என்று கணக்குப் பார்த்து எழுதியிருந்தார். கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா.

இரண்டு பதிவுகளையும் படித்தபிறகு எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்வியே சின்னதாகப் போய்விட்டது. அவசர சிகிச்சைக்கு ஒரு பதில், தொடர் சிகிச்சைக்கு வேறு பதில். இரண்டையும் ஒரே பலகையின் கீழ் வைத்துக்கொண்டு மூடு, மூடாதே என்று கத்திக்கொண்டிருக்கிறோம். டயாலிசிஸ் பிரிவை மட்டும் அங்கேயே வைத்திருக்க முடியுமா, ஆம்புலன்ஸ் எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று கேட்க எனக்கு அதற்குமுன் தோன்றியதே இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. நட்புப் பட்டியலில் எத்தனை கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எத்தனை விதமான வேலை பார்க்கிறவர்கள், எத்தனை விதமான கஷ்டம் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். கட்சிக்காரரிடம் கட்சியின் வாதம் கிடைக்கும். அதைத் தொலைக்காட்சியிலேயே கேட்டுவிடலாம். ஒரு சட்டம் எந்த மேசையில் போய் உட்காருகிறது என்பதை அந்த மேசையில் இருக்கிறவர்தான் சொல்ல முடியும். அவர் எந்தக் கட்சி என்பதை வைத்து அவர் என்ன சொல்வார் என்று ஊகிக்கவும் முடியாது.

இன்னொன்று, இவர்கள் இருவருமே என் நெருங்கிய நண்பர்கள் இல்லை. நெருங்கியவர்களிடமிருந்து எனக்கு இது தெரிந்திருக்கவே முடியாது, ஏனென்றால் நெருங்கியவர்கள் நான் படிப்பதையே படிக்கிறார்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே இதை எழுதியிருக்கிறார், வேறு விஷயத்தில். தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. கேட்கப்பட்டவர்கள் சில டஜன் பேர்தான் என்றாலும் காரணம் எளிது: தூரத்துப் பழக்கம் வேறொரு வட்டத்தில் புழங்குகிறது, அங்கிருக்கும் சேதி நம் வட்டத்தில் இருக்காது. வேலைக்குப் பொருந்துவது சேதிக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. 'யார் இவர், எதற்கு இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறோம்' என்று மாதா மாதம் ஆட்களை நீக்கிக்கொண்டிருந்தவள் நான். எவ்வளவு பேரை இழந்தேனோ!

இதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது.

பெரியப்பா ஒரு வீடியோ போட்டார். எதிர்க்கட்சிக் கூட்டத்தில் நாற்காலிகளைத் தூக்கி அடிக்கிறார்கள், 'நேற்று நடந்தது' என்று தலைப்பு. மேலே இரட்டை அம்புக்குறி. பல கை மாறி வந்த செய்தி என்பதற்கு வாட்ஸ்அப் 2019இல் கொண்டுவந்த அடையாளம் அது; அடுத்த ஆண்டு, அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்தினார்கள். பெரியப்பா சளைக்காமல் ஒவ்வொரு குரூப்பாக அனுப்பியிருந்தார். நான் ஒரு காட்சியை நிறுத்தி, அந்தப் படத்தை வைத்துத் தேடினேன். வேறொரு கட்சிக் கூட்டத்தில் பல வருஷம் முன்பு நடந்தது. உடனே குரூப்பில் இணைப்பைப் போட்டு, 'பொய்ச் செய்தி, பார்த்துப் பகிருங்கள்' என்று எழுதினேன். நாற்பது பேர் இருக்கும் குரூப். ஐந்து நிமிஷத்தில் பெரியப்பா வெளியேறிவிட்டார். அம்மா போனில் கூப்பிட்டு, "நீ சொன்னது சரியாவே இருக்கட்டும். அவரை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுட்டியே," என்றாள்.

மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு மனசு வந்தது. பேசினேன். "பெரியப்பா, அந்த வீடியோவை உங்களுக்கு யார் அனுப்புனாங்க?" என்று கேட்டேன். கூட வேலை பார்த்த ஒரு நண்பர், அவர் பொய் சொல்லவே மாட்டார் என்றார். யோசித்துப் பார்த்தால், அவர் நம்பியது வீடியோவை இல்லை. அந்த நண்பரை. நான் பொய் என்று சொன்னது அவர் காதில் 'உங்கள் நண்பர் பொய்யர்' என்று விழுந்திருக்கிறது. "உங்க நண்பரையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க பெரியப்பா," என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார். படத்தை வைத்துத் தேடும் வழியைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வாரத்துக்கு ஒன்றாவது எனக்குத் தனியாக அனுப்பி, "இது எப்படி?" என்கிறார். சில சமயம் என் தரப்புப் பொய்களைப் பிடித்துத் தருகிறார், அதில் அவருக்குத் தனி உற்சாகம். குரூப்புக்கு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

அப்படி அவர் பிடித்த ஒன்றில் நானே மாட்டினேன். எனக்குப் பிடிக்காத ஓர் அமைச்சர் சொன்னதாக ஒரு மேற்கோள் அட்டை. புகைப்படம், செய்தி நிறுவனத்தின் சின்னம், கொச்சையாக ஒரு வரி. பார்த்த நொடியில் பகிர்ந்துவிட்டேன். பெரியப்பாவிடமிருந்து அழைப்பு. "அந்த நியூஸ்காரங்க பக்கத்துலேயே போய்ப் பார்த்தேன்மா, அப்படி ஒண்ணும் இல்லையே." உண்மைதான், இல்லை. நான் அட்டையை உற்றுப் பார்த்திருந்தேன். எழுத்துரு சரியா, சின்னம் சரியா என்று. அவர் அட்டையை விட்டு வெளியே போய்ப் பார்த்திருந்தார்.

சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்திருக்கிறார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்போர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் இணையப் பக்கங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய்ப் படித்து, அழகான சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. உடனே பிரவுசரில் வேறு டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குறைந்த நேரம், சரியான பதில். பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. என்னை மாட்டவைக்க வேண்டும் என்ற ஆசையே அவரைச் சரியான வழியில் கொண்டுபோயிருக்கிறது. வேறு கருத்துள்ள ஒருவர் அருகில் இருப்பதன் பெரிய லாபம் இதுதான் என்பேன். நான் சரிபார்க்க விரும்பாததை அவர் சரிபார்ப்பார்.

நடுவில் ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டு ஓடியும் பார்த்தேன். உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் மூன்று வாரம் எல்லாச் செயலிகளையும் நீக்கிவிட்டேன். தூக்கம் நன்றாக வந்தது. யார் மேலும் கோபமில்லை. வாக்குச்சாவடிக்குப் போய் நின்றபோது, போட்டியிட்ட ஐந்து பேரில் இரண்டு பேரின் பெயர்தான் எனக்குத் தெரியும். 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கச் சொல்லி நடத்திய சோதனையிலும் இதேதான் தெரிந்தது. விலகியவர்களுக்கு மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, கொள்கை விஷயங்களில் இரு தரப்புக் கருத்துகளுக்கும் இடையிலான தூரம் குறைந்தது, அன்றாடச் செய்தி பற்றிய அறிவும் குறைந்தது. நிம்மதியும் விவரமும் ஒரே தட்டில் வருவதில்லை போல.

எனக்கு அதில் உறைத்தது, நான் செய்தியைத் தேடும் பழக்கத்தையே விட்டிருந்தேன் என்பது. 'முக்கியமானது என்றால் எப்படியும் நம்மிடம் வந்துவிடும்' என்ற நினைப்பு. ஆய்வாளர்கள் இதற்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'செய்தி என்னைத் தேடி வரும்' மனநிலை என்று. அப்படி நினைப்பவர்களுக்கு அரசியல் விவரம் குறைவாகவே தெரிகிறது என்று 2017இலிருந்து வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நண்பர்கள் எவ்வளவு பலதரப்பட்டவர்களாக இருந்தாலும், அவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதுதான் வரும். வார்டு வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை யாரும் பகிர்வதில்லை. இப்போது ஒரு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டுகிறேன், பிடிக்காத பக்கங்களையும் சேர்த்து. பழைய பழக்கம்தான், நடுவில் விட்டுப்போயிருந்தது.

ஒரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் லாபம் என்று ஆகிவிடும். மருத்துவமனை விஷயத்தில் நான் கேள்விகளாக ஒரு பதிவு எழுதினேன்: ஆம்புலன்ஸ் எத்தனை, டயாலிசிஸ் என்ன ஆகும், எந்தத் தேதி என்று. எங்கள் வட்டத்தில் ஒருவர் 'நீங்களுமா?' என்று கேட்டார். இன்னொருவர் எதுவும் கேட்காமல் அன்ஃபாலோ செய்துவிட்டார். அது போகட்டும். திட்டத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கு என்னை அழைத்தபோது நான் போகவில்லை. முன்பென்றால் பதாகை எழுதிக்கொண்டு முதல் ஆளாக நின்றிருப்பேன். அந்தப் பதாகையில் என்ன எழுதுவது? 'தொடர் சிகிச்சைப் பிரிவுகளை மட்டும் நிறுத்தாதே, அவசர சிகிச்சை பற்றிப் பேசலாம்' என்றா? டயானா முட்ஸ் என்ற அரசியல் அறிஞர் இதை ஆராய்ந்திருக்கிறார். மாற்றுக் கருத்துள்ளவர்களோடு பழகுகிறவர்களுக்கு எதிர்த்தரப்பின் காரணங்கள் நன்றாகத் தெரிகின்றன, சகிப்பும் கூடுகிறது, ஆனால் அவர்கள் அரசியலில் இறங்கி வேலை செய்வது குறைகிறது என்று 2000களின் தொடக்கத்திலேயே எழுதினார். படித்தபோது கொஞ்சம் ஆறுதல், நிறைய வருத்தம். ஊர்வலம் போகிறவர்கள் இல்லாவிட்டால் 'தேவைக்கேற்ப' என்ற சொல்லை மாற்றச் சொல்லி யார் கேட்பார்கள்? இதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. கேள்விகளை மனுவாக எழுதி அனுப்பினேன், தோழியும் கணக்குப் பிரிவுக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே மனுவில் எங்கள் மூன்று பேர் பெயரும் இருப்பதைப் பார்த்து அவர் சிரிப்புக்குறி அனுப்பினார். பதில் வரவில்லை.

வாக்கு விஷயத்தில் தோழியும் நானும் இன்னும் எதிரெதிர்தான். அவள் மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையைப் பற்றி ஏதாவது எழுதுவாள். அது என் ஃபீடுக்கு வர வேண்டுமென்றால், அவள் மற்ற நாட்களில் போடுவதையும் நான் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ரோஜாச் செடி படம் எது வந்தாலும் லைக் போட்டுவிடுகிறேன். நேற்று ஒரு மஞ்சள் ரோஜா. இலையில் கரும்புள்ளி இருந்ததைப் பார்த்து, என்ன மருந்து அடிக்கிறாய் என்று கமெண்ட்டில் கேட்டேன். இதற்கு மட்டும் முப்பது பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள்.